ரெண்டும் இடது கால்

அந்த விளையாட்டில் விதுரியின் கண்ணில் பட்ட முதல் தப்பு, இரண்டு இடது கால் செருப்புகளை அது ஜோடி என்று ஏற்றுக்கொண்டதுதான்.

சிதோவார்ஜோ நகர ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் அறையில், ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தாள். இடது கையில் இரண்டு ஊசிகள். ஒன்றின் வழியாக ரத்தம் இயந்திரத்துக்குப் போகும், இன்னொன்றின் வழியாகத் திரும்பி வரும். நாலரை மணி நேரம் அந்தக் கையை மடக்கக் கூடாது. செவ்வாய், வெள்ளி என்று வாரத்தில் இரண்டு நாள், இரண்டு வருஷமாக இதே கதைதான். வலது கை சும்மா கிடக்கும். அதில் போன் இருக்கும்.

மிட்டாய் உடைப்பது, கலர் தண்ணீரைப் பாட்டில் பாட்டிலாகப் பிரிப்பது, அலமாரியில் சாமான் அடுக்குவது என்று அவள் ஆடாத விளையாட்டு இல்லை. ஒன்று சலித்தால் அழித்துவிட்டு அடுத்ததை இறக்கிக்கொள்வாள். இது நேற்று இறக்கியது. விளம்பரத்தில் ஒரு நாய் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓட, கைலி கட்டிய ஆள் ஒருவர் வெறுங்காலோடு அதைத் துரத்தினார். சிரிப்பு வந்துதான் இறக்கினாள். உள்ளே போனால் மசூதிப் படிக்கட்டு. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்த நேரம், செருப்புகள் மலைபோலக் குவிந்து கிடக்கின்றன. ஒன்றைத் தொட்டால் கீழே இருக்கும் தட்டுக்கு வரும். அதன் ஜோடியைத் தொட்டால் இரண்டும் சேர்ந்து மறைந்துபோகும். தட்டில் ஏழு இடம்தான். ஜோடி சேராமல் ஏழும் நிரம்பிவிட்டால் தோல்வி.

"என்னம்மா, மூஞ்சி அஷ்டகோணலாப் போகுது? ஊசி இழுக்குதா?" என்றார் பக்கத்துக் கட்டில் ஜுமாதி. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். குரல் இன்னமும் இன்ஜின் சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரிதான் இருக்கும்.

"ஊசி இல்லண்ணே. செருப்பு. ரெண்டும் இடது கால். இதைப் போய் ஜோடிங்கறான் பாருங்க."

"அட, போன்ல இருக்கற செருப்புக்கு எந்தக் காலா இருந்தா என்ன? நீயா போட்டுக்கிட்டு நடக்கப்போற?"

ஜுமாதிக்கு அது விளையாட்டு. விதுரிக்கு அப்படி இல்லை. பத்தொன்பது வருஷம் ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் நின்றவள் அவள். ஓடுகிற பெல்ட்டில் ஷூக்கள் ஜோடி ஜோடியாக வரும். கையில் எடுத்து, திருப்பி, தையலைத் தடவி, அடிப்பாகத்தை வளைத்துப் பார்த்துவிட்டு வைக்க எட்டு வினாடி. பசை ஒரு நூலளவு வெளியே வந்திருந்தால்கூட அவள் விரலுக்குத் தெரிந்துவிடும். அவள் ஒதுக்கித் தள்ளியதை மேனேஜர்கூட மறுபடி எடுத்துப் பார்க்க மாட்டார். சிறுநீரகம் பழுதாகி ஒருநாள் பெல்ட்டுக்கு முன்னாலேயே மயங்கி விழுந்தாள். அதற்கப்புறம் அந்த வாசலை மிதிக்கவில்லை. கணவன் சுகெங் பைக்கில் கொண்டுவந்து விடுவான், திரும்ப வந்து கூட்டிக்கொண்டு போவான். வீட்டில் அவளை ஒரு வேலை தொட விடுவதில்லை. பாசம்தான். ஆனால் அந்தப் பாசத்தில் அவள் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தாள்.

அன்றைக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஒற்றைக் கட்டைவிரலால் முக்கால் மணி நேரம் தட்டினாள். விளையாட்டின் கருத்துப் பகுதியில் ஒரே ஒரு ஸ்டார் கொடுத்துவிட்டு இப்படி எழுதினாள்:

"செருப்புன்னா என்னன்னு தெரியாதவன் செஞ்ச விளையாட்டு. ரெண்டு இடது காலை ஜோடின்னு ஒத்துக்குது. போனைப் படுக்க வச்சு ரெண்டு கையால பிடிக்கச் சொல்லுது. எனக்கு ஒரு கைதான் இருக்கு, இன்னொண்ணு ஊசியில மாட்டியிருக்கு. பஸ்ல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறவனுக்கும் ஒரு கைதான். பிள்ளையை இடுப்புல வச்சிருக்கறவளுக்கும் ஒரு கைதான். அப்புறம் அந்தக் கடிகாரம். யாரு கேட்டா அதை? தோத்தவுடனே ஒரு பொம்மை வந்து உதட்டைப் பிதுக்குது, அதைக் கண்டாலே பத்திக்கிட்டு வருது. விளம்பரத்துல காட்டின நாய் எங்கே? நாயை நம்பித்தான் வந்தேன். ஆனா செருப்பு ஒண்ணோட ஒண்ணு சேர்ற அந்த 'டப்'புங்கற சத்தம் நல்லா இருக்கு. அதுக்குத்தான் இந்த ஒரு ஸ்டார்."

அனுப்பிவிட்டுத் தூங்கிப்போனாள்.

வெள்ளிக்கிழமை பதில் வந்திருந்தது. 'நான் பீமோ. மாலாங் ஊரில் இருந்து எழுதுகிறேன். இந்த விளையாட்டைச் செய்தது நாங்கள் இரண்டு பேர். உங்களை நேரில் பார்க்க முடியுமா?'

"போகாதே, ஏமாத்துக்காரன்" என்றார் ஜுமாதி. "நேர்ல பாக்கலாம்பான், அப்புறம் பேங்க் நம்பர் கேப்பான். என் மச்சான் இப்படித்தான் போண்டியானான்."

"நான் எங்கண்ணே போறது? இந்தக் கட்டிலை விட்டா எனக்குப் போக்கிடம் ஏது? வேணும்னா அவன் வரட்டும்." ஆஸ்பத்திரி விலாசத்தைப் பதிலாகத் தட்டி அனுப்பினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவன் வந்தே விட்டான். ஒல்லியான ஆள், முப்பது வயது இருக்கலாம், மாலாங்கில் இருந்து ரயில் பிடித்து வந்திருந்தான். நர்ஸ் வூலான் அவனுக்கு முகக்கவசம் மாட்டி, மேலங்கி போட்டு, "ஒரு மணி நேரம்தான். எதையும் தொடக் கூடாது. டியூப்பை மிதிச்சீங்கன்னா நான் உங்களை மிதிப்பேன்" என்று சொல்லி உள்ளே விட்டாள். வாழையிலையில் பொதிந்த இனிப்பு கொண்டுவந்திருந்தான். விதுரி சாப்பிடக் கூடாது. வூலான் வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, நீங்க எழுதினதை என் கூட்டாளி ரெட்னோகிட்ட சத்தமாப் படிச்சுக் காட்டினேன்" என்றான் பீமோ. "செருப்புப் படம் எல்லாம் வரைஞ்சது நான்தான். ஒரு செருப்பை வரைஞ்சு அப்படியே நகல் எடுத்துட்டேன். இடது, வலதுன்னு யோசிக்கவே இல்லை. ஆயிரத்து நூறு பேர் விளையாடியிருக்காங்க, ஒருத்தர்கூடச் சொல்லலை."

"சொல்லியிருக்க மாட்டாங்க. ஆனா என்னமோ சரியில்லைன்னு மனசுல பட்டிருக்கும். எழுந்து போயிருப்பாங்க."

பீமோ தலையைக் குனிந்துகொண்டான். "போயிட்டாங்கக்கா. நூறு பேர் இறக்கினா மறுநாள் திரும்பி வர்றது பதினேழு பேர்தான். இதை வெளியிடறோம்னு சொன்ன கம்பெனி இன்னும் ஒரு தடவைதான் சோதனை வைப்பாங்க. அப்பவும் ஆள் திரும்பி வரலைன்னா கடையைக் கட்டிட்டு நான் எங்க மாமாவோட கோழிப்பண்ணைக்குப் போகணும்."

"கோழி நல்ல தொழில்தான்" என்றார் ஜுமாதி, கண்ணைத் திறக்காமலே.

"அண்ணே, நீங்க ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்களேன்" என்று பீமோ அவரிடம் போனை நீட்டினான்.

"போப்பா. சின்னப் பசங்க சமாச்சாரம்."

விதுரி சிரித்தாள். "அவர் செருப்பு மசூதியில திருடு போன கதை தெரியுமா தம்பி? புதுச் செருப்பு. வெறுங்காலோட மத்தியானத் தார் ரோட்டுல வீடு வந்து சேர்ந்தவர்."

"திருடினவனை எனக்குத் தெரியும்" என்று ஜுமாதி பட்டென்று கண்ணைத் திறந்தார். "நிரூபிக்கத்தான் முடியலை. இங்கே கொடு."

போனை வாங்கினார். படுக்கவைத்துப் பிடிக்க முடியவில்லை. வயிற்றின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு ஒரு விரலால் தொட்டார். பச்சைச் செருப்பு, அதன் ஜோடி, டப். நீலம், நீலம், டப். அவர் உதடு தானாகவே குவிந்தது. நாலாவது ஜோடி சேருவதற்குள் இயந்திரம் ஒன்று கூவ, வூலான் ஓடிவந்து அவருடைய ரத்த அழுத்தத்தைப் பார்த்தாள். அவள் போவதற்குள் கடிகாரம் தீர்ந்து, பொம்மை வந்து உதட்டைப் பிதுக்கியது.

"நாசமாப் போறவனே!" என்றார் ஜுமாதி பொம்மையைப் பார்த்து. "நர்ஸ் வந்தா நான் என்னடா பண்றது? நிப்பாட்டி வைக்க உனக்குத் தெரியாதா?"

அந்த ஒரு மணி நேரத்தில் போன் கட்டில் கட்டிலாகக் கைமாறியது. பீமோ போனைப் பார்க்கவே இல்லை. அறையில் இருந்த எட்டுப் பேரின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். யார் எந்த விரலால் தொடுகிறார்கள், எந்த இடத்தில் நெற்றி சுருங்குகிறது, எந்த இடத்தில் போனைக் கவிழ்த்து வைக்கிறார்கள் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டான். கிளம்பும்போது விதுரியிடம் கேட்டான்:

"அக்கா, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. படம் பாக்கலாம், பாட்டுக் கேக்கலாம். இவ்வளவு விளையாட்டை ஏன் ஆடறீங்க? என்ன கிடைக்குது இதுல?"

இதுவரை யாரும் விதுரியிடம் இதைக் கேட்டதில்லை. பொழுதுபோக்கு என்று சொல்லிவிடலாம். அது உண்மையில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

"இங்கே எதுவும் முடியறதில்லை தம்பி" என்றாள். "ரத்தம் சுத்தமாகும், வெள்ளிக்கிழமைக்குள்ள மறுபடி அழுக்காயிடும். திரும்ப வந்து படுக்கணும். எப்ப முடியும்னு டாக்டருக்கும் தெரியாது. கம்பெனியில சாயங்காலம் ஆனா பெல்ட் நிக்கும், மூவாயிரம் ஜோடி பாத்தோம்னு எழுந்து வருவோம். இப்ப எனக்கு அப்படி ஒண்ணும் இல்லை. இது ஒண்ணுதான் மூணு நிமிஷத்துல முடியுது. கலைஞ்சு கிடந்ததை நான் ஒழுங்கு பண்ணினேன், முடிச்சேன். அவ்வளவுதான்."

பீமோ அதை நோட்டில் எழுதவில்லை. நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

மூன்று வாரம் கழித்துப் புது விளையாட்டு வந்தது. போனை நிமிர்த்திப் பிடித்தால் போதும், ஒரு கட்டைவிரல் எட்டுகிற தூரத்தில் எல்லாம் இருந்தது. கடிகாரம் இல்லை. நடுவில் போனைக் கீழே வைத்துவிட்டு மறுநாள் எடுத்தாலும் விட்ட இடத்திலேயே நின்றது. பொம்மையைக் காணோம். இடது இடதாகவும் வலது வலதாகவும் இருந்தன, வார் தேய்ந்த விதம்கூடக் காலுக்குத் தகுந்த மாதிரி. ஐந்தாவது ஆட்டத்தில் நாய் வந்தது. ஒரு செருப்பைக் கவ்விக்கொண்டு போய், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வேறு இடத்தில் போட்டது. விதுரி வாய்விட்டுச் சிரித்ததில் இயந்திரம் ஒருமுறை கூவியது.

கடிகாரத்தை எடுக்க ரெட்னோ ஒத்துக்கொள்ளவே இல்லையாம், பீமோதான் பிடிவாதம் பிடித்து எடுத்திருந்தான். பீமோ போனில் சொல்ல, அவளே குறுக்கே வாங்கிப் பேசினாள். "அக்கா, நான் ரெட்னோ. வெளிப்படையாப் பேசறேன். நேரம் ஓடினாத்தான் ஆளுங்க பதறுவாங்க. பதறினாத்தான் விளம்பரத்தைப் பாத்து இன்னும் கொஞ்சம் நேரம் வாங்குவாங்க. எங்க பிழைப்பே அதுதான்."

"பதறறதுக்கு எங்களுக்கு வேற நிறைய இருக்கும்மா. அதுக்குப் போனை வேற எடுக்கணுமா? குறிப்பு கேட்டா விளம்பரம் காட்டு, பாக்கறேன். கழுத்தைப் பிடிச்சுக் காட்டினா அழிச்சுட்டுப் போயிடுவேன்."

"சோதனை முடியட்டும். நான் தோத்தா ஒத்துக்கறேன்" என்றாள் ரெட்னோ.

சோதனைக்கு இருநூறு ஆட்டங்கள் தேவை. ஒவ்வொன்றையும் யாராவது ஆடிப் பார்த்து, சரி, சரியில்லை என்று சொல்ல வேண்டும். அந்த வேலையைச் செய்கிறீர்களா, மாதாமாதம் சம்பளம் தருகிறோம் என்று பீமோ கேட்டான். விதுரி அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் சோயாவில் செய்த தெம்பே வறுவல் இரண்டு துண்டு கூடுதலாகச் சாப்பிட்டதை சுகெங் கவனித்தான்.

முதல் நாற்பது ஆட்டம் வந்தது. ஒன்றுவிடாமல் ஆடினாள். எல்லாம் சரியாக இருந்தது. இன்னொரு தடவை ஆடினாள். அப்போதும் சரி. அவளுக்கு முகம் கறுத்துவிட்டது. பத்தொன்பது வருஷத்தில் நாற்பது ஜோடி தொடர்ந்து பழுதில்லாமல் பெல்ட்டில் வந்ததே இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே பீமோவைப் போனில் கூப்பிட்டாள்.

"தம்பி, உண்மையைச் சொல்லு. இதை எனக்கு முன்னாடி யாரு பாத்தது?"

பீமோ திக்கினான். "இல்லக்கா… ரெட்னோ ஒரு தடவை பாத்துட்டு, பழுதை எல்லாம் எடுத்துட்டு… நீங்க ஆஸ்பத்திரியில படுத்திருக்கும்போது கஷ்டப்படுத்த வேண்டாம்னு…"

"அப்ப எனக்கு எதுக்குச் சம்பளம்? பரிதாபத்துக்கா?"

"அப்படி இல்லக்கா."

"அப்படித்தான். எனக்கு ஒரு கைதான் கட்டியிருக்கு. கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. நான் பாக்கறதுன்னா முதல்ல நான் பாக்கணும். இல்லைன்னா வேண்டாம், நான் சும்மா விளையாடிட்டுப் போறேன்."

போனை வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டிலும் இதேதான், இங்கேயும் இதேதான். எல்லாரும் அவளைத் தொட்டால் உடையும் கண்ணாடி மாதிரிக் கையில் ஏந்துகிறார்கள். ஏந்துகிறவர்களிடம் கோபப்படவும் முடிவதில்லை.

சாயங்காலம் அடுத்த நாற்பது வந்தது. கூடவே ரெட்னோவிடமிருந்து இரண்டு வரி. 'கணினி அடுக்கியது அடுக்கியபடியே அனுப்பியிருக்கிறேன். நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. அக்கா, அது என் தப்பு.'

வெள்ளிக்கிழமை நாலரை மணி நேரமும் அவள் தலை நிமிரவில்லை. நாற்பதில் பத்தொன்பதைத் தள்ளிவிட்டாள். சந்தேகமானதை எல்லாம் ஜுமாதிக்குக் கொடுத்து ஆடச் சொன்னாள். அவர் திட்டினாரா, சிரித்தாரா என்று பார்த்து முடிவு செய்தாள். ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதினாள். 'இருபத்திமூணு: பழுப்புப் பாய்க்குக் கீழே பழுப்புச் செருப்பு. எனக்கும் தெரியலை, பஸ் ஓட்டின கண்ணுக்கும் தெரியலை. இது கஷ்டம் இல்லை, ஏமாத்து. கஷ்டமா இருக்கலாம். தோத்தா, அடடா, நான்தான் கவனிக்கலைன்னு தோணணும். என்னை ஏமாத்திட்டான்னு தோணக் கூடாது.' 'முப்பத்தொண்ணு: ரொம்பச் சுலபம். குழந்தைக்குச் சோறு ஊட்டற மாதிரி இருக்கு. எனக்குப் பல்லு இருக்கு.' 'முப்பத்தாறு: கடைசி ஒரு ஜோடிக்கு மூச்சைப் பிடிச்சுக்கிட்டேன். இதை மட்டும் தொடாதீங்க.'

மறுநாள் மாலாங்கில் இருந்து போன். பேசியது ரெட்னோ. "முப்பத்தொண்ணு சுலபமா? நான் அதுல ரெண்டு தடவை தோத்தேன்!"

"அப்ப உனக்குச் செருப்பு தெரியலைன்னு அர்த்தம். வா, கத்துத் தர்றேன்."

"வர்றேன்க்கா. ஆனா இருபத்தெட்டைத் தள்ளினதை நான் ஒத்துக்க மாட்டேன். அதுக்குச் சண்டை போடத்தான் வர்றேன்."

சொன்னபடியே விதுரியின் வீட்டுக்கு வந்தாள். சுகெங் போட்டுக் கொடுத்த தேத்தண்ணீர் ஆறிப்போக, சமையலறை மேசையில் இரண்டு பேரும் மூன்று மணி நேரம் வாதாடினார்கள். இருபத்தெட்டில் ரெட்னோ ஜெயித்தாள். மற்றதில் எல்லாம் விதுரி. நடுவில் சுகெங், "களைப்பா இருந்தா படுத்துக்கோயேன்" என்று எட்டிப் பார்த்தான். "வேலையா இருக்கேன், தெரியலையா?" என்று அவள் எரிந்து விழுந்தாள். அவனுக்கு வருத்தமே இல்லை. முகம் மலர்ந்து, வாசலில் பைக்கைத் துடைக்கப் போய்விட்டான்.

மிச்ச ஆட்டங்களையும் இப்படியே நாற்பது நாற்பதாகப் பார்த்து முடித்தாள். சோதனை பத்து நாள் நடந்தது. அந்தப் பத்து நாளும் மாலாங்கில் இருந்து பேச்சு மூச்சு இல்லை. வூலான் ஊசி குத்தும்போது, "என்னக்கா, கையெல்லாம் ஜில்லுன்னு இருக்கு?" என்று கேட்டாள். ஜுமாதி தன் பழைய பஸ் டெப்போவில் ஆறு டிரைவர்களுக்கு விளையாட்டை இறக்கிக் கொடுத்துவிட்டதாகவும், அதில் நாலு பேர் இப்போது டீக்கடையில் யாரோடும் பேசுவதில்லை என்றும் சொன்னார்.

பதினோராவது நாள், ஆஸ்பத்திரி முடிந்து பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. வெயில் தணிந்து, வறுத்த வேர்க்கடலை விற்கிறவன் வண்டிகளுக்கு நடுவில் நுழைந்து நுழைந்து போய்க்கொண்டிருந்தான். போன் அடித்தது. ரெட்னோ.

"அக்கா, முப்பத்தாறு."

"முப்பத்தாறாவது ஆட்டமா? அதைத் தொடாதேன்னு சொன்னேனே!"

"ஆட்டம் இல்லக்கா. ஆளு. நூறு பேர் வந்தா, மறுநாள் முப்பத்தாறு பேர் திரும்பி வர்றாங்க. கம்பெனி ஒத்துக்கிச்சு. பீமோ வெளியே நின்னு அழுதுட்டு இருக்கான், அதான் நான் பேசறேன். கடிகார விஷயத்துல நான் தோத்துட்டேன். சொன்ன சொல் மாற மாட்டேன், ஒத்துக்கறேன்."

விதுரிக்குக் கண் மங்கியது. ரயில் ஒன்று தடதடத்துக் கடந்துபோனது.

"சரி. மிச்சம் அறுபத்துநாலு பேர் ஏன் வரலை?"

ரெட்னோ சிரித்த சிரிப்பு சுகெங்கின் காதுவரை கேட்டது. "செவ்வாய்க்கிழமை வர்றேன்க்கா. எத்தனாவது ஆட்டத்துல விட்டுட்டுப் போனாங்கன்னு கணக்குக் கொண்டுவர்றேன். உக்காந்து பாப்போம்."

கேட் மேலே ஏறியது. வண்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் உறுமின.

"யாரு போன்ல?" என்று கேட்டான் சுகெங், திரும்பாமல்.

"ஆபீஸ்ல இருந்து" என்றாள்.